சாம்பாரும் சமத்துவமும்

‘உலகின் சமத்துவமான நாடுகளில் இந்தியா நான்காவது’ என்று 2025 ஜூலையில் வந்த செய்தியை அனுப்பி, “என் தெருவைப் பார்த்தால் நம்ப முடியவில்லையே, யார் பொய் சொல்கிறார்கள்?” என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர். யாரும் பொய் சொல்லவில்லை. பாதி வாக்கியத்தை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவுக்கு உலக வங்கி தந்த ஜினி குறியீடு 25.5. எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் 0, ஒருவருக்கே எல்லாம் என்றால் 100. அந்தப் பட்டியலில் நமக்கு முன்னால் ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் மட்டும்தான். ஆனால் நம்முடையது செலவை வைத்துப் போட்ட கணக்கு. ஸ்லோவாக்கியாவுடையது வருமானத்தை வைத்துப் போட்டது. மாதம் பத்து லட்சம் சம்பாதிப்பவர் பத்து லட்சத்தையும் தின்று தீர்ப்பதில்லை. அதனால் செலவு ஜினி பெரும்பாலும் வருமான ஜினியைவிடக் குறைவாகவே வரும். இந்த எண் ஏற்றத்தாழ்வைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று, அதைத் தந்த உலக வங்கி அறிக்கையே எச்சரித்திருந்தது. தலைப்புச் செய்தியில் அதற்கு இடமில்லை.

25.5 எங்கிருந்து வந்தது? 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை 2,61,746 குடும்பங்களிடம் நடந்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து. அதன் அலகுநிலைத் தரவை, அதாவது பெயரும் முகவரியும் நீக்கிய ஒவ்வொரு குடும்பத்தின் பதிலையும், புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். திறந்தால் இடைவெளிகூட இல்லாத எண் வரிசைகள். அவற்றின் ஓரத்தில் பெருக்கி என்று ஒரு பத்தி இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். மேலாக ஒரு கரண்டி மொண்டால் தண்ணீர்தான் வரும். முருங்கைக்காய் அடியில் கிடக்கும். அனுபவசாலி கரண்டியை அடிவரை விட்டு, வேண்டுமென்றே நாலு துண்டு முருங்கைக்காயை அள்ளுவார். கணக்கெடுப்பும் அப்படித்தான் செய்கிறது. நகர்ப்புறத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு பிரிவு, அதற்குக் குறைந்த விலைக் கார் உள்ளவர்கள் ஒரு பிரிவு, மற்றவர்கள் ஒரு பிரிவு. ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக வீடுகள் எடுக்கப்படும்.

கரண்டியில் பாதி முருங்கைக்காய் என்பதால் அண்டாவிலும் பாதி முருங்கைக்காய் ஆகிவிடாதே? அதைச் சரிக்கட்டத்தான் பெருக்கி. ஒரு பகுதியில் 200 வீடுகள், அவற்றில் 20 வீடுகளில் விலையுயர்ந்த கார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20-இலிருந்து 4 வீடுகளை எடுத்தால் ஒவ்வொன்றும் 5 வீடுகளுக்காகப் பேசுகிறது. மீதி 180-இலிருந்து 10 எடுத்தால் ஒவ்வொன்றும் 18 வீடுகளுக்காக. நாடு முழுவதற்கும் விரித்தால், கோப்பிலுள்ள ஒரு குடும்பம் சராசரியாக ஆயிரம் குடும்பங்களுக்காவது பிரதிநிதி. பெருக்கியின் கடைசி இரண்டு இலக்கங்கள் தசமப் பகுதி. 100 ஆல் வகுக்க மறந்த மாணவருக்கு இந்திய மக்கள்தொகை பதினான்காயிரம் கோடியாக வரும்.

அண்டாவின் அடியில் கரையாத பெருங்காயக் கட்டி ஒன்றும் கிடக்கலாம். அவர்தான் நம் கோடீஸ்வரர். கரண்டியில் அவர் சிக்கவே மாட்டார். தப்பித்தவறிச் சிக்கினால் அவரையும் ஆயிரத்தால் பெருக்கி, சாம்பார் முழுக்கப் பெருங்காயம் என்று அறிக்கை எழுதவேண்டி வரும்.

உவமை இதற்குமேல் ஓடாது. முருங்கைக்காய் கரண்டியைப் பார்த்துக் கதவைச் சாத்துவதில்லை. பணக்கார வீடு சாத்தும். இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் கோப்புகளில் அதற்கும் குறியீடு உண்டு. இந்த வீடு முதலில் தேர்வானதா, பதிலியா? பதிலி என்றால் ஏன்: நேரமில்லை என்றார்களா, ஊரில் இல்லையா, ஒத்துழைக்க மறுத்தார்களா?

பதிலியால் என்ன கெடும்? ஒரு கற்பனை ஊரில் 1,000 குடும்பங்கள். 950 குடும்பங்களுக்கு மாதச் செலவு 10,000 ரூபாய். கார் வைத்த 50-இல் 25 குடும்பங்களுக்கு 50,000. மற்ற 25-க்கு ஒன்றரை லட்சம். ஜினி ஏறத்தாழ 30. ஒன்றரை லட்சக்காரர்கள் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக அதே பிரிவிலிருந்து 50,000 செலவழிப்பவர்களையே எடுத்தார்கள் என்று வையுங்கள். கார்க்காரர்களின் எண்ணிக்கை சரி, பிரிவு சரி, பெருக்கியும் சரி. ஜினி மட்டும் 16-க்கு இறங்கிவிடும். ஊரில் ஒருவர் சட்டைப்பையிலும் ஒரு ரூபாய்கூட இடம் மாறவில்லை. வராதவர்கள் எத்தனை பேர் என்பதைப் பெருக்கி ஈடுகட்டும். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அதனால் ஈடுகட்ட முடியாது.

இப்போது அதே 2022-23 கணக்கெடுப்பின் அதிகாரபூர்வ அட்டவணையைப் பாருங்கள். நகர்ப்புற இந்தியாவின் உச்சி 5 விழுக்காட்டினரின் சராசரி மாதச் செலவு தலைக்கு 20,824 ரூபாய். நால்வர் குடும்பத்துக்குச் சுமார் 83,000. நாட்டின் நகரங்களிலேயே ஆகப்பெரிய பணக்காரர்கள் இவர்கள்தானாம்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: ஜினி 1912-இல் இத்தாலியில் பிறந்த குறியீடு. தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் முயற்சியில் தொடங்கியது. 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடாமலே விட்டது. அது போதும்.

ஏற்றத்தாழ்வு மிக அதிகம் என்னும் எதிர்த் தரப்பின் எண்ணுக்கும் ஒரு சிட்டிகை உப்பு தேவை. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் இந்தியாவின் வருமான ஜினி 2023-இல் 62 என்கிறது. வருமான வரி அட்டவணைகளையும் கணக்கெடுப்புகளையும் தேசியக் கணக்குகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்த எண் அது. எங்கே ஒட்டுவது, நடுவிலுள்ள ஓட்டையை எதனால் அடைப்பது என்பதெல்லாம் ஆய்வாளரின் ஊகம். 25.5-உம் 62-உம் ஒரே பொருளின் இரண்டு அளவுகள் அல்ல. கூட்டி இரண்டால் வகுத்து நடுவழி காண முயலாதீர்கள்.

அதற்காகக் கணக்கெடுப்புக் கோப்பைக் குப்பையில் போடவேண்டாம். 2022-23-இல் கிராமத்துக் குடும்பச் செலவில் உணவுக்குப் போனது 46 விழுக்காடு, நகரத்தில் 39 என்பது போன்ற செய்திகளுக்கு இதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை. நிலமற்றவர் எதைச் சாப்பிடுகிறார், எந்தச் சமூகம் மருத்துவத்துக்கு எவ்வளவு அழுகிறது என்பதையும் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அடித்தட்டையும் நடுத்தட்டையும் அது நன்றாகவே அளக்கிறது. உச்சியை அளக்க வேறு கோப்பு வேண்டும்: பெயர் நீக்கிய வருமான வரி அலகுநிலைத் தரவு. வரித்துறை அட்டவணைகளை மட்டும் வெளியிடுகிறது; அந்தக் கோப்பைப் பொதுவில் வைப்பதில்லை. ஏழைக் குடும்பம் ரேஷனில் வாங்கிய சர்க்கரை கிராம் சுத்தமாக நமக்குக் கிடைக்கிறது. பணக்காரர் வருமானம் மொத்தக் கூட்டலாக மட்டுமே கிடைக்கிறது. வாசகர் கேட்ட ஏற்றத்தாழ்வு இதிலும் இருக்கிறது. இதற்கு ஜினி போட இன்னும் யாரும் முன்வரவில்லை.