வெயிலும் வெளிச்சமும் பிரியும் மாதம்

இங்கிலாந்தின் தென்பகுதியில், வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, கவிஞர்கள் கொண்டாடும் மே மாதத்தைக் காட்டிலும் இலையுதிர்காலத்தின் தொடக்கமாகிய செப்டம்பரே உத்தமமானது என்பது என் அபிப்பிராயம். மழைமேகங்களை ஒதுக்கிவிட்டு, காற்றழுத்தம் மிகுந்த மண்டலம் ஒன்று அந்தத் தீவின்மேல் வந்து சில நாட்கள் தங்கிவிடுமானால், விடியற்காலையில் புல்மேல் பனித்துளியும் தாழ்ந்த இடங்களில் மூடுபனியும், பிறகு மேகமற்ற வானமும், நடுப்பகலில் மேற்சட்டையைக் கழற்றச் சொல்லும் இதமான வெயிலுமாக அந்த நாட்கள் கழியும்.

இந்த வெயிலில் ஒரு விசித்திரம் உண்டு. செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதி வாக்கில் பகலும் இரவும் சமமாகின்றன. அன்று நண்பகலில் சூரியன் ஏறும் உயரம், மார்ச்சு 20-ஆம் தேதி வாக்கில் அது ஏறும் உயரமேயன்றி மேற்பட்டதன்று. ஆயினும் லண்டனின் சராசரிப் பகல் வெப்பம் மார்ச்சில் 12 டிகிரி செல்ஷியஸ் அளவிலேயே நிற்க, செப்டம்பரில் 20 டிகிரியை எட்டுகிறது. கோடை முழுவதும் சூரியன் கொடுத்ததை நிலமும், அதைவிட முக்கியமாகத் தீவைச் சூழ்ந்த கடலும் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருப்பித் தருவதே இதற்குக் காரணம். வெளிச்சமோ அப்படிச் சேமித்து வைக்கக்கூடியதன்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிஷம் வீதம் பகல் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே தோட்டத்து ஜீவராசிகளில் எது வெளிச்சத்தின் சொற்படி நடக்கிறது, எது வெப்பத்தின் சொற்படி நடக்கிறது என்று பிரித்தறிய இதைவிடத் தக்க சமயம் வேறில்லை.

வெப்பத்துக்குச் செவிசாய்ப்பவற்றுள் முதலில் வைக்கத்தக்கது சிலந்தி. ஹாம்ப்ஷயர் ஜில்லாவிலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்து, தம் ஊரின் பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி எழுதிய கடிதங்களை 1789-இல் நூலாக வெளியிட்ட பாதிரியார் கில்பர்ட் ஒயிட், 1741-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி தாம் கண்ட அதிசயம் ஒன்றை அதில் விவரித்திருக்கிறார். வேட்டைக்காகப் பொழுது விடியுமுன் வயலுக்குச் சென்ற அவர், அறுவடையான நிலத்து அரிதாளின்மேல் நூலாம்படை பனிநீரில் நனைந்து, வலைமேல் வலையாக விரிந்து கிடக்கக் கண்டார். அது நாய்களின் கண்களை மூடிவிட, அவை முன்னங்கால்களால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு படுத்துவிட்டமையால், வேட்டையைக் கைவிட்டு வீடு திரும்பினார். காலை ஒன்பது மணி அளவில் மிக உயரத்திலிருந்து நூலிழைகள் இறங்கத் தொடங்கி, மேகமற்ற அந்த இனிய நாள் முடியுமட்டும் ஓயாமல் பொழிந்தன. பிராட்லி, செல்போர்ன், ஆல்ரெஸ்ஃபோர்டு ஆகிய மூன்று ஊர்களிலும் இதைக் கண்டார்கள். அவற்றை இணைக்கும் முக்கோணத்தின் மிகக் குறுகிய பக்கமே சுமார் 8 மைல். இந்த மழைக்கு மேலே சென்று பார்த்துவிடலாம் என்று எண்ணிய ஒரு கனவான் தம் வீட்டுக்கு மேலிருந்த 300 அடிக் குன்றின் உச்சிக்குக் குதிரையில் ஏறிப் போனாராம். அங்கும் இழைகள் அவர் தலைக்கு மேல் எட்டாத உயரத்திலிருந்தே வந்துகொண்டிருந்தனவாம்.

அவ்விழைகளை விட்டவை அரிசிமணியிலும் சிறிய சிலந்திகள். குளிர்ந்த இரவுக்குப் பின் வெயில் தரையைச் சூடேற்ற, காற்று மெல்ல மேலெழும் நேரம் பார்த்து, அவை புல்லின் நுனிக்கு ஏறி, கால் நுனிகளை ஊன்றி எழும்பி நின்று, வயிற்றை வானை நோக்கி உயர்த்தி, மெல்லிய இழைகளை வெளியே விடுகின்றன; பலத்த காற்றடிக்கும் நாளில் அவை இந்தப் பிரயாணத்துக்குத் துணிவதில்லை. இவ்வாறு போகும் தூரமும் அற்பமன்று. 1832-இல் தென் அமெரிக்காவின் கரைக்கு அறுபது மைல் தொலைவில் சென்றுகொண்டிருந்த 'பீகிள்' கப்பலின் கயிறுகளில் இத்தகைய சிலந்திகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியதை டார்வின் பதிவு செய்திருக்கிறார். காற்றைத் தவிர வேறொரு சக்தியும் இதில் உதவுகிறது என்று நிரூபித்தவர்கள் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து எரிகா மார்லியும் டேனியல் ராபர்ட்டும் ஆவர். வானம் தெளிந்திருக்கும் நாளிலும் தரைக்குமேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 100 வோல்ட்டு மின்னழுத்த வேறுபாடு இருந்துகொண்டேயிருக்கிறது. காற்றசைவே இல்லாத ஒரு பெட்டிக்குள் சிலந்திகளை வைத்து, அத்தகைய மின்புலத்தை அவர்கள் உண்டாக்கியபோது சிலந்திகள் கால் நுனியில் எழும்பி நின்றன. இழைவிட்டுக் கிளம்பியவை மின்சாரத்தை நிறுத்தியதும் கீழே இறங்கின. இது வெளியானது 2018-இல். அதாவது நாய்கள் முகத்தைப் பிறாண்டிக்கொண்ட காலைக்கு 277 வருஷங்களுக்குப் பிறகு!

பறவைகளின் சங்கதி வேறு. வெயில் எவ்வளவு இதமாக இருந்தாலும், பூச்சிகள் எவ்வளவு மலிந்திருந்தாலும், தகைவிலான் குருவிகள் செப்டம்பரில் கம்பிகளில் வரிசையாகக் கூடிப் புறப்பட்டுவிடுகின்றன. அவை எங்கே போகின்றன என்பது ஒயிட்டைக் கடைசிவரை வருத்திய புதிர். ஜிப்ரால்ட்டரில் வசித்த அவருடைய சகோதரர், அவை ஜலசந்தியைக் கடந்து போவதைக் கண்டு எழுதியிருந்தும், சிலவேனும் எங்கோ பொந்துகளில் உறங்கிக் குளிரைக் கழிக்கும் என்ற சந்தேகம் அவரை விடவில்லை. 1911-ஆம் வருஷம் மே மாதம் ஸ்டாஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் காலில் வளையம் மாட்டிவிடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்டபோதுதான் விஷயம் தெளிவாயிற்று. (நம் ஊர்த் தந்திக் கம்பிகளில் குளிர்காலத்தில் காணும் தகைவிலானும் இதே இனம்தான், ஆனால் அது வருவது ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து.) இத்தகைய பறவைகளின் பருவத்தை நிர்ணயிப்பது வெப்பமன்று, பகலின் நீளமே என்பதற்குச் சான்று கானடாவில் கிடைத்தது. வில்லியம் ரோவன் என்பவர் 1920-களில் எட்மண்டன் நகரின் கடுங்குளிரில், வெப்பமூட்டாத கூண்டுகளில் ஜங்கோ என்னும் சிட்டுகளை வைத்து, மின்விளக்கினால் அவற்றின் பகலை மட்டும் நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டு போக, பனிக்காலத்தின் நடுவிலேயே அவற்றின் உடலில் வசந்தகாலத்து மாறுதல்கள் தோன்றின.

பறக்காமல் தோட்டத்திலேயே தங்கிவிடும் ராபின் பறவை, மற்றப் பறவைகள் வாய்மூடிவிட்ட இந்த மாதத்தில் பாடத் தொடங்குகிறது. காதலுக்காகப் பாடுவதன்று அது, எல்லைத் தகராறு. குளிர்காலத்தில் பெண் ராபினும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பாடிக் காக்கிறது. 1943-இல் ராபினைப் பற்றி நூல் எழுதிய டேவிட் லாக், வெறும் சிவப்பு இறகுக் கற்றையைத் தொங்கவிட்டாலே அந்தப் பறவை அதைப் பகையாளி என்று எண்ணித் தாக்குவதைக் கண்டார். இத்தனை கோபம் அந்தச் சிறு நெஞ்சில் இருக்கும் என்று, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் அதன் படத்தைப் பார்ப்பவர்கள் நினைக்கமாட்டார்கள்.

உதிர்ந்த ஆப்பிள்களையும் பிளம்களையும் மொய்க்கும் குளவிகள் வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டும் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றின் கூட்டில் ஏற்பட்டுவிட்ட ஒரு மாறுதலே அவற்றை அங்கே துரத்துகிறது. கோடையில் வேலைக்காரக் குளவிகள் பூச்சிகளைப் பிடித்துப் புழுக்களுக்கு ஊட்ட, புழுக்கள் அதற்குப் பதிலாக இனிப்பான உமிழ்நீரைச் சுரந்து தரும். பருவ முடிவில் ராணி முட்டையிடுவதை நிறுத்த, புழுக்களும் இல்லாது போக, இனிப்புக்கு வழியற்ற ஆயிரக்கணக்கான குளவிகள் புளித்த பழத்தையும் தோட்ட மேஜைமேல் இருக்கும் ஜாமையும் தேடி வருகின்றன. அவற்றுடன் பந்தியில் அமர்ந்து, அவற்றைச் சற்றும் பொருட்படுத்தாமல் பழச்சாற்றை உறிஞ்சும் சிவப்பு அட்மிரல் வண்ணத்துப்பூச்சியின் கம்பீரம் பார்க்கத்தக்கது.

தோட்டத்தில் மலர்கள் அநேகமாக ஓய்ந்துவிட்ட பிறகு, சுவரில் படரும் ஐவிக் கொடி செப்டம்பரில் பூக்கத் தொடங்குகிறது. பச்சை மஞ்சளான, கண்ணுக்கு அழகற்ற அந்தப் பூக்களையே பெரிதும் நம்பி வாழும் ஐவித் தேனீயைத் தனி இனமாக விஞ்ஞானிகள் வகுத்தது 1993-இல்தான்; பிரிட்டனின் பெருநிலத்தில் அது முதன்முதலாக 2001-இல் டார்செட் ஜில்லாவின் லாங்டன் மாட்ராவர்ஸ் என்னும் ஊரில் காணப்பட்டு, அதன்பின் வடக்கே வெகுதூரம் பரவிவிட்டது. பெண் தேனீ மணற்பாங்கான தரையில் வளை தோண்டி, நீர் புகாத சவ்வினால் அறைகளுக்கு உட்பூச்சு இட்டு, மகரந்தத்தைச் சேர்த்து முட்டையிடுகிறது. லெஸ்டர் நகரில் தம் வீட்டுத் தோட்டத்தை 1972 முதல் 30 வருஷம் கவனித்து 2,673 இனத் தாவரங்களையும் பிராணிகளையும் கணக்கெடுத்த ஜெனிஃபர் ஓவென் போன்றவர்களைத் தவிர, இத்தகைய விருந்தாளிகள் வருவதைப் பெரும்பாலோர் அறிவதில்லை. சுவரைச் சுத்தமாக்க வேண்டும் என்று இந்த மாதத்தில் கத்தரியை எடுப்பவர்கள் பூத்த கிளைகளையே வெட்டிவிடுகிறார்கள்; குளிர்காலம் முடியும்வரை பொறுத்து, பறவைகள் பழங்களைத் தின்று தீர்த்தபின் வெட்டினால் ஐவி ஒன்றும் வீட்டை விழுங்கிவிடாது.