தாத்தாவின் ரத்தம், பேரனின் சுகர்

திருச்சி காந்தி மார்க்கெட் மண்டிகளில் சர்க்கரை நோய்ப் பேச்சு வந்தால், "அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு, பரம்பரை" என்று முடித்துவிடுவார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான்.

குடும்பத்துக்குள் எதெல்லாம் வழிவழியாக வருகிறது என்ற கணக்கு பழையது. 1886-ல் பிரான்சிஸ் கால்டன், 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் கட்டம் போட்டு ஒப்பிட்டார். உறவினருக்குள் காணும் ஒற்றுமையைக் கூறுபோட்டுப் பார்க்க 1918-ல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வழி சொன்னார். அன்று அளவுகோலும் தாளும் போதும். இன்று லட்சக்கணக்கானோரின் மரபணுக்களைக் கணினி அலசுகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு தொடர்புள்ள இடங்களாக 600-க்கும் மேற்பட்டவற்றைக் காட்டுகிறது.

நோயைக் கண்டுபிடித்த விதமும் மாறிவிட்டது. அன்று பெனடிக்ட் என்ற நீலக் கரைசலில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடாக்குவார்கள். நீலம் நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் கவலை. இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சில நொடியில் எண்.

1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கியவர் எம். விஸ்வநாதன். பிற்பாடு சென்னையின் பெரிய ஆய்வுகள் சிலவற்றை நடத்தியவர் அவர் மகன் வி. மோகன். (மருத்துவமும் அந்தக் குடும்பத்தில் பரம்பரைதான், அது ரத்தத்தில் வந்ததா, வீட்டுப் பேச்சில் வந்ததா என்பது ஃபிஷருக்கே சிக்கலான கேள்வி.)

1970-களில் நடந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நகரங்களில் நூற்றுக்குச் சுமார் 2 பேருக்குச் சர்க்கரை என்றது. அளந்த முறை வேறு என்பதால் அதை இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. பிந்தைய சென்னைக் கணக்குகளை ஒப்பிடலாம்: 1989-ல் 8.3 சதவீதம், 1995-ல் 11.6, 2000-ல் 13.5, 2004-ல் 14.3. பதினைந்து ஆண்டில் யாருடைய மரபணுவும் மாறிவிடாது. 2023-ல் வெளியான ஆய்வில், கிராமங்களையும் சேர்த்தே தமிழ்நாட்டின் அளவு 14.4 சதவீதம்.

மாறியது எது என்பதை மார்க்கெட்டிலேயே பார்க்கலாம். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிச் சைக்கிள் மிதித்து வந்த மண்டிக்காரரின் மகன் இன்று ஸ்கூட்டரில் வருகிறார், கல்லாவில் உட்கார்ந்தால் மதியம் வரை எழுவதில்லை. தகப்பனார் அறியாத வசதி இது. பஞ்ச காலத்துப் பசியும் இன்று இல்லை. அதை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. ஆனால் குறைந்த தீனிக்கும் நிறைந்த உழைப்புக்கும் பழகிய உடம்புக்கு இந்த வசதி புதிது.

இதற்கு மருந்தில்லாத பரிகாரம் ஒன்றையும் சென்னையிலேயே சோதித்தார்கள். ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நோயின் வாசலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். உணவைச் சீராக்கி உடலை அசைத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. உட்கார்ந்தே வேலை செய்பவர்களை நாளுக்கு 30 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே கடும் உழைப்பில் இருந்தவர்களுக்குச் சொன்னதோ, செய்வதை விடாதீர்கள் என்பது மட்டும்தான். அந்தக் கணக்குப்படி, சும்மாடு கட்டி வெங்காய மூட்டை சுமப்பவருக்குப் புதிய உடற்பயிற்சி எதுவும் இல்லை; அந்த மூட்டைக்குச் சீட்டு எழுதும் முதலாளிக்கு உண்டு.