மேட்டில் ஏறும் தீ, மேட்டில் ஏறும் ஆள்

ராசிங்காபுரத்தில் கோழிக்கு முன்னால் ஜீப் கூவிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் வந்து நிற்பார்கள். நெருக்கியடித்து ஏறி உட்கார்ந்ததும் வண்டி போடிநாயக்கனூரைத் தாண்டி மேற்கே மலையைப் பிடிக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள் கடந்தால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். பொழுது சாய்ந்ததும் அதே வண்டி அதே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். வெளியூர்க்காரர் படம் எடுக்க நிறுத்தும் மலை, இந்த அடிவார ஊர்களுக்கு வேலைத்தலம். சரிவில் கால் ஊன்றுவது, பாரம் சுமப்பது, வெளிச்சம் இல்லாமல் தடம் பிடிப்பது எல்லாம் இங்கே திறமைக் கணக்கில் சேராது. யாரும் அவற்றுக்குச் சான்றிதழ் கேட்டதில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ மறித்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளம்வயதினர். இருபதுக்கும் மேற்பட்டோர் அன்றும் அதைத் தொடர்ந்த வாரங்களிலும் இறந்துபோனார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் அந்தச் சரிவில், அந்தப் புகையில், இருட்டிய பிறகு அவற்றால் செய்ய முடிந்தது குறைவு. முதலில் மேலே போய்ச் சேர்ந்தவர்கள் மலையோரத்து ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். வனத்துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை ஆட்களோடு சேர்ந்து இரவெல்லாம் ஏறி இறங்கினார்கள். கையில் இருந்தவை கம்பளி, கம்பு, தண்ணீர்.

இங்கே இரண்டு கேள்விகள். அனுபவம் உள்ளவர்களும் அடங்கிய குழுவைத் தீ எப்படி அவ்வளவு விரைவில் பிடித்தது? அழைக்கப்படாத ஆட்கள் அவ்வளவு விரைவில் எப்படி வந்தார்கள்? முதல் கேள்விக்கு இயற்பியலில் தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவதற்கும் ஓரளவு இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

அடுப்பில் விறகைச் சற்றே சாய்த்து வைத்தால் நன்றாகப் பற்றும் என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும். மலைச்சரிவு முழுவதும் அப்படிச் சாய்த்து வைத்த விறகுதான். சமதரையில் தீ எரியும்போது சுவாலை மேல்நோக்கி நிற்கும். முன்னால் இருக்கும் புல்லுக்கு அதன் வெக்கை ஓரளவே போகும். சரிவிலோ தரையே சுவாலையை நோக்கி எழும்பி நிற்கிறது. வெக்கையும் சூடான காற்றும் மேலே இருக்கும் புல்லைத் தடவிக்கொண்டே ஏறும். தீ வருவதற்கு முன்பே அதன் ஈரம் வற்றிவிடும். பொறி பட்டதும் பற்றும். பகலில் வெயில்பட்ட சரிவின் காற்று சூடாகி மேலேறுவது வழக்கம் என்பதால் தீயின் முதுகில் தள்ளிவிடும் கையும் இருக்கிறது.

ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர் ஆலன் மெக்கார்தர் இதற்கு ஒரு கைக்கணக்கு தந்தார்: சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் இரட்டிக்கும். 20 பாகைச் சரிவில் நான்கு மடங்கு, 30 பாகையில் எட்டு மடங்கு.

இனி மனிதனின் பக்கம். புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993-இல் நடைவேகத்துக்கு ஒரு சூத்திரம் வகுத்தார். அதன்படி சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர், 20 பாகை ஏற்றத்தில் நேராக ஏறினால் மணிக்கு 1.4 கிலோமீட்டர்தான் கடப்பார். தீ நான்கு மடங்கு வேகமெடுக்கிறது. ஆள் மூன்றரை மடங்கு தளர்கிறார். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: சமதரையில் இருந்த போட்டி சுமார் 14 மடங்கு தீக்குச் சாதகமாகிவிட்டது. மூச்சு வாங்குவது, புகை, பயம் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

எரிபொருளும் கவனிக்க வேண்டியது. பருத்த மரத்தடி மழை நின்று பல வாரம் ஈரம் வைத்திருக்கும். புல் அப்படியல்ல, காற்று காய்ந்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் புல்லும் காய்ந்துவிடும். மாசி கடைசியில் போடி மலைச்சரிவுகளில் ஆளுயரக் காய்ந்த புல் நிற்கும். கசக்கினால் மணக்கும் எலுமிச்சைப்புல் இனங்களும் அதில் உண்டு. அந்த மணம் ஆவியாகும் எண்ணெய். அது தீக்கு உறவுக்காரன்.

இப்படிப்பட்ட தீயில் தப்பிக்கும் வழி பெரும்பாலும் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. 1949 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற புல்சரிவில் தீயணைப்பு வீரர்கள் மேல்நோக்கி ஓடினார்கள். அவர்கள் தலைவர் வாக் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்து நகர்ந்ததும் அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். மற்றவர்களையும் கூப்பிட்டார், மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் போகவில்லை. 13 பேர் இறந்தார்கள், டாட்ஜ் பிழைத்தார். எரிந்த தரை மறுபடி எரியாது. நம் காடுகளில் வைக்கும் எதிர்த்தீயும், கோடைக்கு முன் புல்லைச் செதுக்கிப் போடும் தீத்தடுப்புக் கோடும் இதே அறிவுதான். பச்சைத் தழையை ஒடித்துத் தீயின் விளிம்பில் அடிப்பது சினிமாவில் அபத்தமாகத் தெரியும். புல்தீயில் அது வேலை செய்யும்: ஈரத் தழை சூட்டை உறிஞ்சும், காற்றை மறிக்கும், விளிம்பைப் பின்னால் தள்ளும்.

தீக்காயத்தில் கடிகாரம் இன்னொரு விதமாக ஓடுகிறது. பரவலாக வெந்த உடலில் இரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். நீர்ச்சத்து திசுக்களுக்குள் வடிந்துபோகும். மருத்துவர்கள் பயன்படுத்தும் பார்க்லேண்ட் கணக்கின்படி 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலில் 40 விழுக்காடு வெந்திருந்தால், முதல் 24 மணி நேரத்தில் 9.6 லிட்டர் திரவத்தை இரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் மருத்துவமனை வாசலை மிதித்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. வெந்த நொடியிலிருந்து தொடங்குகிறது. ஆகவே மலையிலிருந்து கீழே கொண்டுவரும் நேரம் முழுவதும் சிகிச்சையின் கணக்கிலிருந்தே கழிகிறது.

அந்த நேரத்தைச் சுருக்கிய கருவி டோலி. ஒரு நீளக் கம்பு, அதில் இரண்டு முனையும் கட்டிய கம்பளி அல்லது சேலை, முன்னே ஒருவர், பின்னே ஒருவர். பார்ப்பவர்களுக்கு வசதியின்மையின் அடையாளம். ஆனால் மருத்துவமனை ஸ்ட்ரெச்சரை அந்தத் தடத்தில் வைத்து யோசியுங்கள். நாலு மூலைக்கு நாலு பேர் என்றால் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடம் வேண்டும், மலைத்தடமோ ஒற்றையடிப்பாதை. டோலிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். பாதை பக்கவாட்டில் சரிந்தால் ஸ்ட்ரெச்சரும் சரியும், படுத்திருப்பவர் உருளுவார். டோலியில் உடல் கம்புக்குக் கீழே தொங்குகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி அது நேர்கீழே வந்து நிற்கும். துணி உடலைச் சுற்றி அணைத்திருப்பதால் நழுவி விழுவதும் இல்லை.

தொங்குவது எதுவானாலும் ஊசல் போல ஆடும் என்பதுதான் சிக்கல். முக்கால் மீட்டர் ஊசலுக்கு ஒரு முழு ஆட்டம் சுமார் 1.7 நொடி. சுமப்பவர் இருவரும் ராணுவ நடை மாதிரி ஒரே காலை ஒரே நேரத்தில் போட்டு, அந்த நடை ஊசலின் தாளத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பழகியவர்கள் காலை மாற்றிப் போடுவார்கள். ஒருவர் வலது, மற்றவர் இடது. ஒரு தள்ளலை மறு தள்ளல் தின்றுவிடும். பல்லக்குச் சுமந்தவர்களின் பழைய வித்தை இது. வெந்த தோலில் கம்பளி உரசுவது கொடுமை என்பதையும் சொல்ல வேண்டும். டோலி நல்ல கருவி என்பதற்காக நல்ல சாலைக்கு மாற்று ஆகிவிடாது.

இந்த வித்தையை அந்த ஊர்கள் 2018-க்காகக் கற்கவில்லை, சாலை இல்லாததால் கற்றன. கொட்டகுடி ஊராட்சியின் மலைக்குடியிருப்புகள் சிலவற்றிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்ணையும் காய்ச்சல்காரரையும் கீழே கொண்டுவருவது டோலியில்தான் என்ற செய்தி, பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. இங்கே ஒரு வேடிக்கை. நூறாண்டுக்கு முன் மூணாறுத் தேயிலை, மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து கம்பிவட ரோப்வேயில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாக வெளியூர் போனது. அதன் நினைவாக மலை நடுவில் ஒரு குடியிருப்புக்கு இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே பெயர். ரயில் கிடையாது. தேயிலைப் பெட்டிக்கு இருந்த வாகனம் மனிதருக்கு வரவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. பேரிடர் என்றால் கூட்டம் வெறிபிடித்து ஓடும், அவரவர் உயிரே அவரவருக்குப் பெரிது என்று நாம் நம்புகிறோம். பெரிய அதிகாரிகளும் நம்பினார்கள். 1938-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர்கள், லண்டன்மீது குண்டு விழுந்தால் லட்சக்கணக்கானோர் பீதியில் மனம் பேதலிப்பார்கள் என்று கணித்தார்கள். 1940 செப்டம்பரில் குண்டுகள் விழுந்தன. எதிர்பார்த்த நோயாளிகள் வரவில்லை. மக்கள் வாளியில் மணல் நிரப்பினார்கள், பக்கத்து வீட்டுக்காரரைத் தோண்டி எடுத்தார்கள், காலையில் வேலைக்குப் போனார்கள். பின்னாளில் சார்லஸ் ஃபிரிட்ஸ், என்ரிக்கோ குவாரன்டெல்லி போன்ற சமூகவியலாளர்கள் நேரில் போய் விசாரித்த பேரிடர்களிலும் இதுவே தெரிந்தது: பீதி அரிது, உதவி சாதாரணம். 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் சாய்த்தபோது, இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கு மேலானோரை வெளியே எடுத்தது அக்கம்பக்கத்தார். மீட்புப் படை மோசம் என்று அர்த்தமில்லை. அது தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

தூரமும் நேரமும் ஒன்றே என்பதை அன்றாடமாக வாழும் நாடு இஸ்ரேல். காசா எல்லையோர ஊர்களில் சைரன் ஒலித்தால் ராக்கெட் விழ 15 நொடி. டெல் அவிவில் 90 நொடி. அங்கே 2006-இல் தொடங்கிய யுனைடெட் ஹட்சாலா என்ற தன்னார்வ மருத்துவ அமைப்பு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பதில்லை. அடிபட்டவருக்கு மிக அருகில் இருக்கும் தொண்டரின் கைபேசி ஒலிக்கும். கடைக்காரரோ ஆசிரியரோ, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறப்பார். 2023-இல் மூண்ட போரில், எல்லையின் மறுபக்கத்தில், காசாவில் இயந்திரங்களும் எரிபொருளும் இல்லாத மீட்புக் குழுவினரும் அண்டை வீட்டாரும் வெறுங்கையால் கான்கிரீட்டைப் புரட்டினார்கள். எல்லைக்கோட்டின் இருபுறமும் முதலில் வந்தவர் பக்கத்தில் இருந்தவர்தான்.

ஆனால் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்கச் சமூகவியலாளர் ரஸ்ஸல் டைன்ஸ், பேரிடரில் வேலை செய்யும் குழுக்களை வகைபிரித்தபோது ஒரு வகையைத் தனியாகக் காட்டினார்: ஏற்கெனவே வேறு வேலைக்காகச் சேர்ந்திருந்தவர்கள், அதே பழக்கத்தோடு புதிய வேலைக்குத் திரும்புவது. 2023-இல் அரசை எதிர்த்துத் தெருவில் நின்ற இஸ்ரேலிய முன்னாள் படைவீரர்களின் ‘ஆயுதச் சகோதரர்கள்’ இயக்கம், அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பின் ஓரிரு நாளில் நிவாரணக் கிடங்காக மாறியது. ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்த ஏற்பாடே நிவாரணத்துக்கும் பயன்பட்டது. ராசிங்காபுரத்து ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த வண்டி, யார் எப்போது வருவார், யாரைக் கூப்பிட்டால் யார் கூட வருவார் என்ற தகவல் அங்கே தினமும் புதுப்பிக்கப்படுகிறது.

பழக்கம் இல்லாத நல்லெண்ணம் எங்கே முட்டும் என்பதும் அதே போர்க்காலத்தில் இஸ்ரேலில் தெரிந்தது. தாய்லாந்துத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்ப, நகரத்து ஆட்கள் தக்காளியும் வெண்ணெய்ப்பழமும் பறிக்கத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆசை இருந்தது, கை தேறவில்லை. ஏலம் பறிப்பவர்களைக் கேட்டால் இது புரியும். ஒரே சரத்தில் பிஞ்சும் பருவக்காயும் பழமும் கலந்திருக்கும்; பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கி எடை போகும், பழுத்ததை விட்டால் வெடிக்கும். குனிந்த நிலையில் தூரடியில் விரல் தானாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2020 ஊரடங்கில் தமிழ்நாட்டு ஆட்கள் எல்லை தாண்ட முடியாமல் போனபோது இடுக்கித் தோட்டக்காரர்களுக்கு அந்த விரல்களின் மதிப்பு தெரிந்தது.

அண்டை வீட்டு அன்புக்கு வேலியும் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரத்தை ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச், கட்டுக்கோப்பான ஊர்ப் பஞ்சாயத்துகள் இருந்த இடங்களுக்கு நிவாரணம் நன்றாக வந்து சேர்ந்ததைக் கண்டார். அதே பஞ்சாயத்துகள் தலித்துகளையும் கணவரை இழந்த பெண்களையும் பட்டியலில் விட்டுவிட்டதையும் கண்டார். குரங்கணியில் மாட்டிக்கொண்டவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாத வெளியூர்க்காரர்கள். அவர்களுக்காகத்தான் ஊர் ஏறியது. எனக்கு அந்த இரவில் மிக முக்கியமாகப் படுவது இது.

தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. குரங்கணிப் பக்கமும் ஒன்று உண்டு. வழிகாட்டிகள் மலைவாழ் இளைஞர்களும் உள்ளூர்க்காரர்களும், பயிற்சியும் சம்பளமும் பெற்றவர்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, தீக்காலம் என்று பாதைகளை மூடிவிடுகிறார்கள். ஏலத்தோட்ட ஜீப்புக்கு அந்த விடுமுறை கிடையாது. மாசியிலும் பங்குனியிலும் வேலை இருக்கும் நாளெல்லாம் அது விடியுமுன் வந்து நின்று ஹாரன் அடிக்கும்.