கோழிக்கூடும் மலைப்பாம்பும்

தோட்டத்து லயங்களிலும் கம்பங்களிலும் வீட்டின் பின்புறத்தில் பத்துப் பதினைந்து கோழிகளை வளர்ப்பது மலாயாத் தமிழரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பால்மரம் சீவிப் பெற்ற கூலிக்குப் புறம்பாக, இல்லத்தரசியின் கையில் சிறிது பணம் புழங்கியது முட்டை விற்றும் சேவல் விற்றுமே எனலாம். பால்மரங்கள் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்ட பின்னரும், லயங்களைவிட்டு மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பின்னரும், வேலியோரத்துக் கோழிக்கூடு முற்றிலும் மறைந்துவிடவில்லை.

மாலையில் பத்துக் கோழிகளை எண்ணி அடைத்திருக்க, விடியலில் ஒன்பதே நின்றால் வீட்டார் முதலில் ஐயுறுவது அண்டை வீட்டாரைத்தான். இறகு சிந்தவில்லை, குருதித் துளி இல்லை, கோழிகள் கூவிய ஓசையும் கேட்கவில்லை. ஆகவே கை வைத்தவன் மனிதனே என்று முடிவு கட்டப்படுகிறது. இப்படி ஒரு கோழியால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. உண்மையில் அத்தடயமின்மையே ஒரு தடயம். மலாய்க்காரர் மூசாங் என்று வழங்கும் மரநாய் புகுந்தால் கூடு போர்க்களம்போற் காணப்படும். இறகுகள் சிதறிக் கிடக்கும். சில வேளைகளில் தின்றதினும் கொன்று போட்டது மிகுதியாக இருக்கும். உடும்பு பகலில் வருவது. குஞ்சையும் முட்டையையும் கவர்ந்து ஓடும்போது பலர் கண்ணிற்படும். ஆளரவமின்றி, கோழியை முழுமையாகக் கொண்டுபோவது பாம்பின் செயல். ஒரு கோழி இறந்து கிடக்க, அதன் தலையும் கழுத்தும் மட்டும் எச்சிலால் நனைந்து இறகுகள் ஒட்டிக் கிடந்தால் ஐயத்திற்கே இடமில்லை. தன் வாய்க்கு அடங்காத இரையை விழுங்க முயன்று பாம்பு கைவிட்டுச் சென்றதன் அடையாளம் அது.

இந்நாட்டில் கோழிக்கூட்டை நாடி வரும் பாம்புகளுள் தலைமையானது மலைப்பாம்பு. பழந்தமிழ் நூல்கள் மாசுணம் என்றும் பாந்தள் என்றும் கூறும் பெரும்பாம்பின் இனம் இது. உடலில் வலை பின்னினாற்போன்ற கோலம் இருப்பதால் மலாய் வழக்கில் ஊலார் சாவா பாத்தேக் எனப்படும். உலகிலுள்ள பாம்புகளுள் மிக நீளமாக வளர்வது இதுவே. மலை என்னும் சொல்லைக் கேட்டு, இது மலையிலும் காட்டிலும் மட்டுமே வாழ்வது என்று கருதிவிடலாகாது. சிங்கப்பூரின் பெரிய மழைநீர்க் கால்வாய்கள் இதற்குச் சாலைகளாகப் பயன்படுகின்றன. செம்பனைத் தோப்புகளில் இது நிறைந்து வாழ்கின்றது. இதற்கு நஞ்சு இல்லை. பின்னோக்கி வளைந்த பற்களால் கவ்வி, உடலைச் சுற்றி இறுக்கி, இரையின் குருதியோட்டத்தை நிறுத்திக் கொன்றபின் தலையிலிருந்து விழுங்கும்.

இப்பாம்பு கோழியைத் தேடியா வருகின்றது? பெரும்பாலும் இல்லை, எலியைத் தேடி வருகின்றது. சுமத்திராவில் தோலுக்காகக் கொல்லப்பட்ட மலைப்பாம்புகளின் வயிற்றை ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று 1998இல் தன் முடிவுகளை வெளியிட்டது. சிறிய பாம்புகள் பெரும்பாலும் எலிகளையே தின்றிருந்தன. மூன்று நான்கு மீட்டருக்கு மேல் வளர்ந்தவையே எறும்புண்ணி, முள்ளம்பன்றி, குரங்கு, காட்டுப்பன்றி முதலிய பெரிய விலங்குகளை நாடின. வீட்டுக்கோழியும் அவ்வயிறுகளில் காணப்பட்டது. ஆக, கூட்டின் அடியில் அரிசியும் தவிடும் சோளமும் இரவெல்லாம் சிந்திக் கிடந்தால் எலி வருகின்றது. எலி நடந்த தடத்தின் மணத்தை நாவால் துழாவிக்கொண்டு பாம்பு வருகின்றது. எலிக்காக வந்த இடத்தில், கூண்டுக்குள் ஓட இடமின்றி அமர்ந்திருக்கும் கோழி அதற்கு எதிர்பாராத விருந்து. மாலையில் தீனித்தட்டை எடுத்து, மூடியுள்ள தகர டின்னில் தீனியை வைப்பது எலியைத் தடுக்கும் வேலை என்றே பலர் கருதுவர். பாம்பைத் தடுக்கும் முதல் வேலையும் அதுவே.

கோழியின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டுக்கோழியின் மூதாதையாகிய சிவப்புக் காட்டுக்கோழி இன்றும் மலேசியக் காடுகளில் வாழ்கின்றது, சிங்கப்பூரிலும் உண்டு. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுடைய எலும்புகளே வீட்டுக்கோழிக்கு உறுதியான மிகப் பழைய சான்று என 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. எனவே கோழியும் மலைப்பாம்பும் இவ்வட்டாரத்தில் பழைய அண்டை வீட்டினர். காட்டுக்கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. ஆதலால் அந்தி சாயுமுன் மரக்கிளையில் உயர ஏறி உறங்கும். கிளை அசைந்தால் பறந்து தப்பவும் அதற்கு வழியுண்டு. மனிதன் அதன் வழித்தோன்றலைத் தரைக்கு இறக்கிப் பெட்டியில் அடைத்தான். இருட்டில் காண இயலாமை அப்படியே இருக்கின்றது; பறந்து தப்பும் வழி மட்டும் போயிற்று. மலைப்பாம்பின் உதடுகளிலோ வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. விளக்கை அணைத்துவிட்டால் கோழி அதன் கண்ணுக்குத் தப்பலாம், அக்குழிகளுக்குத் தப்பாது.

ஆகவே எஞ்சியிருக்கும் காப்பு, கூட்டின் சுவர்தான். கடைகளில் கோழிவலை என்றே விற்கப்படும் அறுகோணக் கம்பிவலையை நம்பிப் பலர் ஏமாறுகின்றனர். அது கோழி வெளியேறாமல் காப்பதற்கு ஏற்பட்டது. பாம்பு உள்ளே நுழையாமல் காப்பதற்கன்று. அதன் ஓர் அங்குலக் கண்ணில் இளம் பாம்பின் தலை எளிதில் நுழையும். தலை நுழைந்தால் பெரும்பாலும் உடலும் நுழையும். அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுடைய, பற்றவைத்த கெட்டியான சதுரக் கம்பிவலையே வேண்டும். சுவருக்கு மட்டுமின்றித் தரைக்கும் கூரையின் கீழுள்ள காற்றுவழிக்கும் அதையே அடித்தல் நலம். தரையில் நிற்கும் கூடாயின் வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்குவர். கதவு வளைந்து கீழ்மூலையில் இரு விரல் அகலம் இடைவெளி விட்டிருப்பது மிகப் பெரும்பாலான கூடுகளில் காணப்படும் குறை. ஆயிரம் வெள்ளிக்குக் கூடு கட்டியவரும் இம்மூலையைப் பார்ப்பதில்லை. மேலே தொங்கும் மரக்கிளையை வெட்டிவிட வேண்டும். மலைப்பாம்பு நன்றாக ஏறவல்லது. பழைய மீன்பிடி வலையைச் சுற்றிக் கட்டுவதும் சிலர் வழக்கம். அது சுவராகாது, கண்ணியாகும். அதில் சிக்கிய பாம்பு தோல் கிழிந்து துடிக்கும். அதை அறுத்து விடுவிப்பவருக்குக் கடி நிச்சயம்.

இனி, பாம்பின் வாயமைப்பால் நிகழும் ஒரு வேடிக்கையும் உண்டு. அதன் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறத்தில் எலும்பால் ஒட்டாமல், நெகிழும் நாரால் இணைந்துள்ளன. அதனால் தன் தலையினும் பருத்த கோழியை அது விழுங்க முடிகின்றது. ஆனால் நுழைந்தபோது மெலிந்திருந்த உடல், விழுங்கியபின் நடுவில் பருத்துவிடுகின்றது. வந்த ஓட்டை வழியே திரும்ப இயலாமல், விடியும்வரை கூட்டின் மூலையில் சுருண்டு கிடக்கின்றது. கள்வன் கையும் களவுமாக அகப்படுகின்றான். ஆனால் இந்த இடத்தில்தான் மனிதருக்கு ஆபத்து. விடியலின் மங்கலில் முட்டை எடுக்கக் கூட்டுக்குள் கை விடுவோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். உள்ளே சுருண்டிருப்பது எப்போதும் மலைப்பாம்பாக இராது. சாரை இனப் பாம்புகளும் வரும். அவற்றால் உயிருக்குக் கேடில்லை. நாகமும் எலியைத் தேடி வரும். தெற்கு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் கரிய நாகம் கடிப்பதோடு நில்லாது, எதிர்நிற்பவர் கண்ணை நோக்கி நஞ்சை உமிழவும் வல்லது. நஞ்சு கண்ணிற் பட்டால் தேய்க்காமல், தூய நீரைத் தாராளமாக ஊற்றி நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கடிபட்டாலும் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியன கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் கொண்டுசெல்வதே முறை. முட்டையை அந்திக்கு முன்பே எடுத்துவிடும் வழக்கமும், காலையில் கைவிளக்கால் ஒருமுறை பார்த்துவிட்டுக் கை நீட்டும் வழக்கமும் ஓர் உயிரைக் காக்கலாம்.

பாம்பை விரட்டும் பொருள்கள் என்று மக்கள் நம்புவன பல. இந்தியர் வீடுகளில் வசம்பும் பூண்டும் பெருங்காயமும். மலாய்க்காரர் வீடுகளில் கந்தகமும் உப்பும். கந்தகம், பாச்சையுருண்டை உள்ளிட்ட பலவற்றையும் பாம்புகளின் வழியில் இட்டுச் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 1985இல் வெளிவந்தது. பாம்புகள் அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றன. உப்பைப் பற்றித் தனி ஆய்வே வேண்டுவதில்லை. மலைப்பாம்பு கடலில் நீந்தித் தீவு விட்டுத் தீவு செல்வது. 1883இல் வெடித்து உயிரற்றுப்போன கிரக்கத்தாவுக்கு முதலில் வந்து சேர்ந்த ஊர்வனவற்றுள் அதுவும் ஒன்று. பாச்சையுருண்டையோ சிறு குழந்தைக்கும் கோழிக்கும் நஞ்சாவது. தகரத்தைத் தட்டி ஓசை எழுப்புவதும் பயன் தராது. தமிழ் நிகண்டுகள் பாம்பிற்குக் கட்செவி என்று ஒரு பெயர் தருகின்றன. கண்ணையே செவியாக உடையது என்பது பொருள். புறச்செவி இல்லாமையைக் கண்டு முன்னோர் இட்ட பெயர் அது. அகச்செவி பாம்புக்கு உண்டு என்பதும், தாடையெலும்பின் வழியாக நில அதிர்வை அது உணர்கின்றது என்பதும் பின்னர் அறியப்பட்டவை. ஆயினும், இரைக்கருகில் வந்துவிட்ட பாம்பை எந்த அதிர்வும் நெடுநேரம் தடுத்து நிறுத்துவதில்லை.

கூட்டில் பாம்பைக் கண்டதும் பாராங்கத்தியை எடுப்பது பழைய வழக்கம். மலேசியாவில் மலைப்பாம்பு 2010ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட இனம். சிங்கப்பூரிலும் காட்டுயிர்களை இசைவின்றிக் கொல்வது குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, ஒரு மலைப்பாம்பைக் கொன்றவர் அது ஆண்டு முழுதும் தின்றிருக்கக்கூடிய எலிகளைத் தம் கொல்லைக்கே விட்டுவைக்கின்றார். எலிக்காய்ச்சலைப் பரப்புவதும் அவ்வெலிகளே. மலேசியாவில் 999 எண்ணை அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்புப் படையினரோ வந்து பிடித்துச் செல்வர். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்திற்குத் தெரிவிக்கலாம். அவர்கள் வரும்வரை மற்றக் கோழிகளை வெளியே விட்டு, கதவை அடைத்து, சிறுவரையும் நாயையும் அப்பால் நிறுத்துவது போதும். கோலால் சீண்டினால் பாம்பு விழுங்கிய கோழியைக் கக்கிவிட்டு வேகமாக வெளியேற முயலும். அக்கோழியால் யாருக்கும் பயனில்லை. பிடித்தவர்கள் சாக்குப்பையுடன் சென்றபின், பாம்பு எந்த ஓட்டை வழியாக நுழைந்தது என்று கூட்டைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்து, அன்று இருட்டுமுன் அதை அடைக்கவேண்டும். எலிகள் அங்கேயே இருக்கின்றன. அடுத்த பாம்புக்கும் அதே வழிதான்.