ரோமிங் ஏன் செலவு வைக்கிறது?

மகளின் பேறுகாலத்துக்காகவோ பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ அமெரிக்கா போகும் பெற்றோர் பலர், ஆறு மாதம் வரை அங்கே தங்குகிறார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், மாத்திரை, மருந்துச்சீட்டு என்று எல்லாம் கவனமாகப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. செல்போனுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி மட்டும் கடைசி நாள் வரை தள்ளிப்போகிறது. அந்த அவசரத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. பத்து நாள் சுற்றுலாவுக்கான ரோமிங் பேக்கையே மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடுவது ஒன்று. இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் கைவிட்டுவிடுவது இன்னொன்று. முதலாவதில் பணம் கரைகிறது. இரண்டாவதில் ஓ.டி.பி. வராமல் வங்கிக் கணக்கே எட்டாமல் போகிறது.

சிம் கார்டு நமக்கு இரண்டு வேலைகள் செய்கிறது. நம் எண்ணை உயிரோடு வைத்திருப்பது ஒன்று, இணையம் தருவது மற்றொன்று. உள்ளூரில் இரண்டையும் ஒரே சிம் பார்த்துக்கொள்கிறது. நீண்ட வெளிநாட்டுப் பயணத்தில் இவற்றைப் பிரித்துவிடுவதுதான் சிக்கனம். எண் ஊர் சிம்மில் இருக்கட்டும். இணையத்தைப் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். ரோமிங் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இதற்கான காரணம் புரியும்.

‘நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?’

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் 15 இலக்கம் வரை நீளும் ஓர் அடையாள எண் இருக்கிறது. நாம் பிறருக்குத் தரும் செல்போன் எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். 404, 405 என்றால் இந்தியா, 413 இலங்கை, 525 சிங்கப்பூர். விமானம் நியூயார்க்கில் இறங்கியதும் போனை இயக்கினால், அது அருகிலுள்ள டவரிடம் இந்த எண்ணைச் சொல்கிறது.

கிராமத்துக்குள் புதிதாக நுழைபவரை, ‘நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?’ என்று விசாரித்து, அந்த வீட்டில் கேட்டு உறுதிசெய்துகொள்வார்கள். அமெரிக்க நெட்வொர்க்கும் அதையே செய்கிறது. 404 என்று பார்த்ததும் இந்தியாவிலுள்ள தாய் நிறுவனத்தைத் தொடர்புகொள்கிறது. சிம்மின் ரகசியச் சாவி இரண்டே இடங்களில் இருக்கும். ஒன்று சிம்முக்குள், மற்றொன்று தாய் நிறுவனத்தின் கணினியில். இது காற்றில் ஒருபோதும் பயணிப்பதில்லை. தாய் நிறுவனம் ஒரு புதிர் எண்ணையும் அதற்குரிய விடையையும் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. அங்குள்ள நெட்வொர்க் புதிரை மட்டும் போனிடம் கொடுக்கிறது. சிம் தன் சாவியைக் கொண்டு கணக்குப் போட்டு விடை சொல்கிறது. இரண்டு விடைகளும் பொருந்தினால் அனுமதி கிடைத்துவிடும்.

ஜி.எஸ்.எம். தொழில்நுட்பத்தில் இயங்கிய முதல் வணிக நெட்வொர்க் 1991இல் பின்லாந்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டே பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரிட்டனின் வோடஃபோனுக்கும் இடையே முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று உலகெங்கும் நடக்கும் ரோமிங்குக்கு அதுவே முன்னோடி.

ஊருக்குப் போய்த் திரும்பும் இணையம்

அனுமதி கிடைத்த பிறகு நடப்பதுதான் பலருக்கும் தெரியாதது. ரோமிங்கில் இருக்கும் போனின் இணையப் போக்குவரத்து, பெரும்பாலும் அந்த நாட்டிலேயே இணையத்தில் கலந்துவிடுவதில்லை. தனிப் பாதை வழியாகத் தாய் நாட்டுக்கு வந்து, இங்குள்ள வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் நுழைகிறது. நியூயார்க்கில் உட்கார்ந்து அடுத்த தெருவின் வரைபடத்தைத் தேடினாலும், அந்தக் கோரிக்கை இந்தியா வந்துதான் போகும். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்க்கோட்டில் சுமார் 13,500 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது. போய் வர மட்டும் குறைந்தது 0.135 நொடி ஆகும். கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். ரோமிங்கில் வீடியோ அழைப்பு தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சீனாவில் உள்ளூர் சிம் போட்டவருக்கு கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. ரோமிங்கில் இருப்பவருக்கோ அவை பெரும்பாலும் வேலை செய்கின்றன. அவருடைய இணையம் சீனாவுக்கு வெளியே, தாய் நாட்டில்தான் திறக்கிறது என்பதே காரணம்.

அழைப்பிலும் இதே சுற்றுதான். அமெரிக்காவில் ஒரே வீட்டில் இருக்கும் மகன், ரோமிங்கில் உள்ள அப்பாவின் இந்திய எண்ணை அழைத்தால், அழைப்பு இந்தியாவுக்கு வந்து மீண்டும் அமெரிக்கா திரும்புகிறது. மகன் சர்வதேச அழைப்புக்குப் பணம் கட்டுகிறார். திரும்பும் பாதைக்கான கட்டணம் அப்பாவின் கணக்கில் சேர்கிறது. ரோமிங்கில் அழைப்பை எடுத்தாலே காசு போவது இதனால்தான்.

கட்டணம் இவ்வளவு உயரக் கேபிளின் நீளம் மட்டும் காரணமில்லை. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொள்ளும் மொத்த விலைதான் பெரிய காரணம். ஐரோப்பா இதற்குச் சாட்சி. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் முதன்முறையாக ரோமிங் அழைப்புக்கு உச்சவரம்பு விதித்தது. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் தனி ரோமிங் கட்டணமே இல்லாமல் போனது. ஒரு ஜி.பி.க்கு நிறுவனங்கள் தமக்குள் வசூலிக்கும் மொத்த விலையின் உச்சவரம்பு 2022இல் 2 யூரோ. 2027இல் அது 1 யூரோவாகக் குறையும். டவர்களும் கேபிள்களும் அதேதான். விதி மாறியதும் விலை மாறிவிட்டது. எனவே ஐரோப்பாவில் பல நாடுகளைச் சுற்றுபவருக்கு, ஏதாவது ஓர் ஒன்றிய நாட்டில் வாங்கிய சிம்மே மற்ற நாடுகளிலும் உதவும். ஆனால் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் இந்த ஏற்பாட்டில் இல்லை. சூரிச்சிலோ லண்டனிலோ உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் திட்டத்தில் அந்த நாடு இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

போன இடத்துச் சிம்

உள்ளூர் சிம்மில் இந்தச் சுற்றுப்பாதை இல்லை, நாடுகளுக்கிடையிலான மொத்த விலைப் பேரமும் இல்லை. அமெரிக்காவில் நாடு முழுக்க நெட்வொர்க் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் வெரைசன், ஏ.டி. அண்டு டி, டி-மொபைல் ஆகிய மூன்று. இவற்றிடம் மொத்தமாக வாங்கி, சொந்த டவர் இல்லாமலேயே சேவை விற்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம். டவர் அதேதான், கட்டணம் பெரும்பாலும் குறைவு. நெரிசல் நேரத்தில் இவர்களுடைய வாடிக்கையாளர்கள் வரிசையில் பின்னே தள்ளப்படலாம். வீட்டில் வைஃபை இருக்கும் பெற்றோருக்கு அது பெரிய குறையில்லை. பிரீபெய்ட் திட்டம் எடுக்க, அந்நாட்டு அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண் தேவையில்லை.

வாங்கும் முன் கையில் இருக்கும் போன் அங்கே வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இலேயே 3ஜி சேவையை மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவிலும் 2024இல் மூடப்பட்டது. அங்கெல்லாம் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் செல்ல வேண்டும். அதற்கு போனில் வோல்ட்இ வசதி இருப்பதோடு, அந்த நிறுவனம் அந்த மாடலை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். அலைவரிசையும் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் நகரை விட்டுத் தள்ளியிருக்கும் பகுதிகளை எட்டுவது பெரும்பாலும் 600, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள்தான். அலைவரிசை குறையக் குறைய அலை தொலைவு போகும், சுவரையும் ஊடுருவும். சில இந்திய மாடல்களில் இந்த அலைவரிசைகளுக்கான வசதி இருப்பதில்லை.

இ-சிம் உள்ள போன் என்றால் வேலை எளிது. இந்தியச் சிம் அதன் இடத்திலேயே இருக்க, அமெரிக்கச் சிம்மை வைஃபை மூலம் இறக்கிக்கொள்ளலாம். பல நாடுகளுக்குச் சேர்த்து விற்கப்படும் பயண இ-சிம்கள் இரண்டு மூன்று வாரச் சுற்றுலாவுக்கு நல்லவை. ஆனால் அவற்றில் பல, வேறொரு நாட்டின் சிம்மை ரோமிங்கில் ஓட்டுபவைதான். அழைப்புக்கான எண்ணும் பெரும்பாலும் கிடைக்காது. ஒரே நாட்டில் மாதக்கணக்கில் தங்குபவருக்கு உள்ளூர் சிம்மே ஏற்றது.

ஓ.டி.பி. எப்படி வரும்?

குறுஞ்செய்தி இணையத்தை நம்பி இல்லை. போனும் நெட்வொர்க்கும் தமக்குள் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பாதையில் செல்லும்படி உருவாக்கப்பட்டது அது. அதனால்தான் ஒரு செய்தியின் அளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 குறியீடு. டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தாலும் ஓ.டி.பி. வந்து சேரும். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலான இந்தியத் திட்டங்களில் கட்டணம் இல்லை.

அதற்கு இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும். இணையம் சேர்க்காமல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக்கை நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. இத்தகைய பேக்குகளின் காலம் 365 நாள் வரை இருக்கலாம். நீண்ட பயணம் போகிறவருக்கு இது பொருத்தமானது. வெளிநாட்டில் பயன்படாத டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கிளம்பும் முன்

இந்திய எண்ணில் சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே இயக்கிவிடுங்கள். அந்தச் சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இறங்கியதும் படங்களின் சேமிப்பும் செயலிகளின் அப்டேட்டும் பின்னணியில் ஓடத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து யார் பேசினாலும் வாட்ஸ்அப்பில் அழைக்கச் சொல்லுங்கள். விமானத்திலும் சொகுசுக் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் நெட்வொர்க்கை போன் தானாகவே பிடிக்கக்கூடும். அதன் கட்டணம் மிக அதிகம் என்பதால் ஏர்பிளேன் மோடில் வைப்பது நல்லது. நயாகரா பார்க்கப் போனால், அமெரிக்கக் கரையில் நிற்கும்போதே கனடா டவரை போன் பிடிக்கக்கூடும். உங்கள் அமெரிக்கத் திட்டத்தில் கனடா இல்லையென்றால், அன்று அந்தச் சிம்மிலும் ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

பெற்றோரை அழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் டிக்கெட் போடும் நாளிலேயே இந்த ஏற்பாடுகளையும் முடித்துவிட வேண்டும். அப்பா அம்மா கையில் போனைக் கொடுத்து, எந்தச் சிம் எதற்கு என்று ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ரோமிங் பேக் வழிப்பயணத்துக்கும் அவசரத்துக்கும் போதும். ஆறு மாத அன்றாடத்துக்கு உள்ளூர் சிம்தான் கட்டுப்படியாகும்.