பொம்மையல்ல, பொறி!

பென்னாகரத்திலே பொழுது சாய்கிறது. அப்பனும் ஆத்தாளும் பெங்களூரிலே கட்டட வேலை. பாட்டியின் பாதுகாப்பிலே பள்ளிப் பிள்ளை. பாட்டிக்குக் கண் மங்கல். பிள்ளையின் கையிலோ கண்ணைப் பறிக்கும் கைபேசி! 2020-ல் கொரோனா பள்ளிக் கதவைப் பூட்டியபோது, பாடத்துக்கென்று கடன்பட்டு வாங்கிய கருவி அது. வாங்கித் தந்தவனை நாம் குறைகூற மாட்டோம். ஏழை வீட்டுக்கு அன்று அதுதான் கரும்பலகை.

ஆனால் தோழர்களே, அந்தப் பலகை வழியே எவனெவன் வீட்டுக்குள் நுழைகிறான் என்று எண்ணிப் பார்த்தோமா?

ஸ்பெயினிலே அல்மென்ட்ராலெஹோ என்றோர் ஊர். மாநகரமல்ல, நம் பாலக்கோடு, அரூர் போல உழவை நம்பிய ஊர். 2023-ல் அங்கே இருபதுக்கு மேற்பட்ட சிறுமிகளின் படங்களை, ஆம், உடை உடுத்திய படங்களைத்தான், செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டு நிர்வாணமாக்கிப் பரப்பினர். செய்தது கொள்ளைக் கூட்டமா? இல்லை, அவ்வூர்ச் சிறுவர்கள்! ஒரு தாய் ஊரறியப் பேசினார். மற்றத் தாய்மாரும் துணிந்தனர். 2024-ல் பதினைந்து சிறுவர்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது நீதிமன்றம்.

நம் ஊரிலே நடந்தால்? பையனை எவன் கேட்பான்? "மானம் போச்சே" என்று பெண்ணின் படிப்பை நிறுத்துவார்கள். மாப்பிள்ளை தேடுவார்கள். பதினைந்து வயதிலே தாலி! இழிசெயல் புரிந்தவன் கைபேசியோடு திரிவான். ஏதுமறியாதவள் அடுப்படியிலே அடைபடுவாள். இளவயது மணம் இன்னும் முற்றாக ஒழியாத மாவட்டம் இது. நமது அச்சமெல்லாம் அதுதான்.

"இயந்திரம் வரைந்த படந்தானே" என்று இளிக்கும் வம்பர்களும் உண்டு. போக்சோ சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், கணினி உருவாக்கிய படத்தையும் குழந்தை ஆபாசம் என்றே வரையறுத்திருக்கிறது. தனியே பதிவிறக்கிப் பார்ப்பது குற்றமன்று என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பை அவ்வாண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் உடைத்தெறிந்தது. டீக்கடை பெஞ்சிலே "பார்த்தாயா" என்று அனுப்பி வைப்பவர், நம் தோழரேயானாலும், கூண்டுக்கு வழி தேடுகிறார்.

கைபேசியைப் பிடுங்கினால் போதுமா? பிடுங்கிய கையிடம் பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. எவனேனும் மிரட்டினால் பிள்ளையை அடிக்க வேண்டாம். அவனுக்குப் பணமும் அனுப்ப வேண்டாம். மிரட்டல் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இணையக் குற்றத்துக்கான 1930-ஐ, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

நம் படிப்பகச் சுவர்களிலே இடமிருக்கிறது. வருகிற ஞாயிறன்று அவ்விரு எண்களையும் எழுதுவோம். ஒரு படி சுண்ணாம்பும் ஒரு பொட்டலம் நீலமும் போதும்.