வேட்டைத் துவக்கின் மருந்தும் குண்டும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை கடலையும் தென்னையையும் நம்பி வாழ்வது. படுவான்கரையோ வயலையும் சேனையையும் நம்பி வாழ்வது. அவ்வயல்களுக்கு அப்பால் காடு தொடங்குகின்றது. காடு தொடங்கும் இடத்திலே யானையும் தொடங்குகின்றது. ஆதலால் யானையைப் பிடிப்பதும் விரட்டுவதும் சுடுவதும் இப்பிரதேசத்தின் வரலாற்றோடு நெடுங்காலமாகப் பின்னிக் கிடக்கின்றன.

துவக்கு வருவதற்கு முன்னர் இங்கே யானையை எதிர்கொண்டவர்கள் ஏறாவூர் முதலிய முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்த பணிக்கர்கள். மான் தோலாலும் எருமைத் தோலாலும் முறுக்கிய கயிறே அவர்களுடைய ஆயுதம். காற்றின் திசையறிந்து, ஓசையின்றிப் பின்னே சென்று, யானையின் பின்னங்காலிற் சுருக்கை மாட்டி, கயிற்றின் மறுநுனியை மரத்திற் கட்டிவிடுவர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராய் இருந்த சேர் எமேர்சன் ரெனென்ற் இவர்களுடைய துணிவை வியந்து எழுதியுள்ளார். யானையின் இயல்பை நன்கறிந்தவனுக்குக் கயிறே போதியதாயிருந்தது. துவக்கு வந்தபின் கணக்கு வேறாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் யானையைப் பயிருக்குப் பகையென்று கருதி, கொன்ற ஒவ்வொரு யானைக்கும் வெகுமதி கொடுத்தது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி வழங்கப்பட்டதென்றும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கு வழங்கப்பட்டதென்றும் ரெனென்ற் குறித்துள்ளார். மேஜர் றொஜர்ஸ் என்ற படை அதிகாரி ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்.

அக்காலத்து வேட்டைக்காரருள் துவக்கின் மருந்தையும் குண்டையும் பற்றி மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில், 1864இல், ஆபிரிக்காவின் அல்பேட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர் இவரே. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த காலத்தில், பதுளைக்குக் கிழக்கே மட்டக்களப்பை நோக்கிச் சரிந்து செல்லும் புல்வெளியும் காடும் கலந்த நாட்டிலே, ஆங்கிலேயர் ‘பார்க்’ என்று அழைத்த அந்நிலத்திலே, பேக்கர் யானை வேட்டையாடினார்.

யானை வேட்டைக்குத் துவக்கு நிரப்புவதிலே ஏன் அத்தனை ஆராய்ச்சி வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். விடை யானையின் தலையில் இருக்கின்றது. யானையின் நெற்றி பார்வைக்குப் பெரியது. ஆனால் அதனுள் மூளை நெற்றிக்கு நேர் பின்னே இருப்பதன்று. அது தாழ்ந்தும் பின்தள்ளியும் அமைந்துள்ளது. அதற்கு முன்னே தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்பு உண்டு. மென்மையான ஈயக் குண்டு அவ்வெலும்பிற் பட்டதும் தட்டையாகி, வழியிலேயே வலுவிழந்து நின்றுவிடும். யானை வீழாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடும். அன்றேல் சுட்டவன் மீது பாயும்.

அந்நாளிலே ஆயத்தத் தோட்டா கிடையாது. வேட்டைக்காரன் ஒவ்வொரு வெடிக்கும் மருந்தை அளந்து, குழலின் வாய்வழியே கொட்டி, எண்ணெய்த் துணியிற் சுற்றிய குண்டை வைத்து, நீண்ட கோலால் இடித்து இறுக்கவேண்டும். இவ்வாறு இடித்து நிரப்பும் துவக்கை நம் நாட்டார் ‘இடியன்’ என்று சொல்வது எத்துணைப் பொருத்தம்! கடைசியாகத் திரி முனையிலே சிறிய செப்புத் தொப்பியொன்றைப் பொருத்தவேண்டும். சுத்தியல் தட்டியதும் அது பொறி எழுப்பும்.

இவ்வேலையிலே மூன்று அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். முதலாவது, குண்டின் பாரம். குழலின் பருமனை அக்காலத்தார் குண்டின் எண்ணிக்கையாற் சொன்னார்கள். ஓர் இறாத்தல் ஈயத்திலே குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் பன்னிரண்டு வார்க்க முடியுமாயின் அது பன்னிரண்டாம் எண் துவக்கு. ஆகவே எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். இரண்டாவது, மருந்தின் அளவு. அது குறைந்தாற் குண்டு எலும்பைத் துளையாது. மிகுந்தாற் குழல் வெடிக்கலாம், அன்றேல் குண்டு குழலின் உட்சுருள் வரிகளைப் பற்றாமல் வழுக்கிக் குறி தவறலாம். மூன்றாவது, துவக்கின் பாரம். மருந்து மிகுந்தால் உதைப்பும் மிகும். அவ்வுதைப்பைத் தாங்கத் துவக்கு கனத்திருக்க வேண்டும். கனத்தாலோ, அதைத் தூக்கிக்கொண்டு முட்காட்டிலே நடப்பது அரிது. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும்.

றைபிளுக்குச் சிறிதளவு மருந்தே ஏற்றது என்பது அந்நாளைய பொதுக் கருத்து. பேக்கர் இதை ஏற்கவில்லை. 1840இல், பத்தொன்பது வயதிலே, பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரைக் கொண்டு தம் திட்டப்படி ஒரு றைபிள் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழல் 36 அங்குலம். இடும் மருந்து 16 டிறாம், அதாவது முழுதாக ஓர் அவுன்சு. உருண்டைக் குண்டு 3 அவுன்சு. கூம்புக் குண்டு 4 அவுன்சு. குழலுக்குள்ளே இரண்டு வரிகள் மட்டுமே உண்டு. உருண்டைக் குண்டைச் சுற்றி ஒரு பட்டி சேர்த்து வார்ப்பர். அப்பட்டி வரிகளிற் பொருந்தி ஓடுவதால் எவ்வளவு மருந்து இட்டாலும் குண்டு வழுக்காது. குண்டு தட்டையாகாதிருக்க, ஈயத்தோடு வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கடினமாக்குவது அக்கால வேட்டைக்காரர் வழக்கம்.

மருந்திலும் நுணுக்கம் உண்டு. கரிமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்தது. நம் நாட்டுக் குகைகளிலே வெடியுப்பு எடுக்கப்பட்ட முறையை யோன் டேவி என்னும் வைத்தியர் 1821இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். மருந்தின் மணி சிறிதாயின் விரைந்து எரியும். பெரிதாயின் மெல்ல எரியும். பெருங்குழலுக்குப் பெருமணியே தக்கது. சிறுமணியிட்டால் குண்டு நகருமுன்னே அமுக்கம் ஏறிவிடும். இம்மருந்து ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. வாவிக்கரையின் உப்புக் காற்றும் வாடைக்கால மழையும் அதற்குப் பகை. நனைந்த மருந்து யானையின் முன்னே பொய்த்தால் இரண்டாம் வாய்ப்பு இல்லை. வெடித்தாலும் எழும் வெண்புகை கண்ணை மறைத்துவிடும். மறுமுறை நிரப்பப் போதிய நேரமுமில்லை. எனவேதான் வேட்டைக்காரருக்குப் பின்னே நிரப்பிய துவக்குகளோடு உள்ளூர் மக்கள் நின்றார்கள். வெள்ளைக்காரரின் வீரக் கதைகளிலே பெயரின்றிப் போனவர்கள் இவர்களே.

1884இல் பிரான்சிலே புகையற்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. 1889இல் பிரித்தானியர் கோடைற் என்னும் மருந்தைக் கொண்டுவந்தனர். 1898இல் இலண்டன் நகரத்து றிக்பி கம்பனியார் வெளியிட்ட யானைத் தோட்டாவிலே 480 கிறெயின் குண்டுக்கு 70 கிறெயின் கோடைற்றே போதியதாயிற்று. குண்டு செக்கனுக்கு 2,150 அடி வேகத்திற் சென்றது. பேக்கரின் ஓர் அவுன்சு மருந்து 437 கிறெயினுக்கு மேற்பட்டது என்பதை எண்ணினால் மாற்றம் விளங்கும். பருத்த உருண்டைக்குப் பதிலாக, கடின உலோக உறை போர்த்த, ஒடுங்கி நீண்ட குண்டு வந்தது. அது எலும்பைத் துளைத்து நேரே சென்றது.

இங்கேயும் ஒரு சிக்கல் எழுந்தது. இங்கிலாந்தின் குளிரிலே சோதித்த கோடைற், இந்தியா இலங்கை போன்ற நாடுகளின் வெப்பத்திலே மேலும் உக்கிரமாக எரிந்தது. அமுக்கம் ஏறிப் பித்தளைக் கூடு குழலில் ஒட்டிக்கொள்ளலாயிற்று. கூடு வெளிவராத துவக்கு, பாய்ந்து வரும் யானையின் முன்னே வெறும் தடியே. ஆதலால் உற்பத்தியாளர் கூட்டைப் பெரிதாக்கி அமுக்கத்தைக் குறைத்தனர். வெப்ப நாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்களையும் செய்தனர். மருந்து ஓரிடத்துக்குச் சரியாயிருந்தால் எல்லா இடத்துக்கும் சரியாகிவிடாது.

இன்று அமெரிக்கா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளிலே சட்டம் இடங்கொடுப்பதால், வேட்டைக்காரர் சிலர் தோட்டாவைத் தாமே நிரப்புகின்றனர். உற்பத்தியாளரின் அட்டவணையிலுள்ள மிகக் குறைந்த அளவிலே தொடங்கி, நுண்தராசிலே நிறுத்து, சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் குண்டின் வேகத்தையும் கூட்டின் நிலையையும் குறியின் செறிவையும் பார்த்துக் குறித்துக்கொள்வதே அதன் முறை. மிகுந்த வேகமன்று, மாறாத வேகமே அவர்கள் தேடுவது. இலங்கையிலோ துவக்கையும் வெடிமருந்தையும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன.

வேட்டை நின்றுவிட்டது, துப்பாக்கிக் காயம் நிற்கவில்லை. 1891இல் தொடங்கிய பாதுகாப்புச் சட்டங்கள் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் உறுதிபெற்றன. கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1954இல் தேசிய வனம் அமைந்தது. ஆயினும் காடு சுருங்கிற்று, வயல் பெருகிற்று, யானையின் பழைய வழிகளிலே ஊர்கள் எழுந்தன. வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் கிரானிலும் இரவிலே யானை வருகின்றது. ஆண்டு முழுவதும் பாடுபட்ட நெல் ஓரிரவில் அழிகின்றது, வீடு இடிகின்றது, உயிரும் போகின்றது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலே 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர்.

இவ்வச்சத்தினால் விவசாயி ஒருவன் கண்டபடி மருந்து இட்டு, கையிலகப்பட்ட ஈயத்தையும் இரும்பையும் திணித்துச் சுடும்போது நிகழ்வதென்ன? பேக்கர் பெருந்துவக்கோடும் அளந்த மருந்தோடும் துளைக்க முயன்ற அதே எலும்பை அந்த இடியன் துளைக்கப் போவதில்லை. குண்டு தோலுக்குள்ளே தங்குகின்றது. புண் சீழ் வைக்கின்றது. மாதக்கணக்கில் நோவோடு அலையும் யானை மனிதனின் வாடையைக் கண்டதும் பாய்கின்றது. சுட்டவனை அது தேடிச் செல்வதில்லை. அடுத்த நாள் அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் விறகுக்குச் செல்லும் பெண்ணுமே அதன் எதிரே வருகின்றனர். காட்டுப் பாதையிலே கட்டிவைக்கும் கட்டுத்துவக்கோ யானையென்றும் மனிதனென்றும் பார்ப்பதில்லை.

மருந்தையும் குண்டையும் ஆராய்ந்த நூறாண்டு வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. யானையைக் காயப்படுத்துவது எளிது. காயத்தின் விளைவை அடக்குவது எவராலும் இயலாது. மின்வேலியும் யானை வெடியும் ஊரார் கூடிக் காக்கும் காவலும் குறையுடையனவே. ஆயினும் அவை காயம்பட்ட யானையை ஊருக்கு விட்டுச் செல்வதில்லை. ஏறாவூர்ப் பணிக்கர் கயிற்றோடு காட்டுக்குட் சென்ற நாளிலே, யானை எந்நேரம் எங்கே நிற்கும், எவ்வழி வரும், எதற்கு அஞ்சும் என்பதை அறிந்தே சென்றனர். படுவான்கரையின் வயலையும் உயிரையும் காக்க இன்று வேண்டுவதும் அந்த அறிவே.